வால்சக்கரத்துக்கு மேல் மூன்று எழுத்து

என் பெயர் மு. கதிரேசன். வயது ஐம்பது. மந்தைவெளியில் குடியிருக்கிறேன். உன் தந்தைக்காக நீ கட்டத் தொடங்கி, முடிக்காமல் விட்டுப்போன மாதிரி விமானத்துக்கென்று, உன் கையால் நீ எழுதிவைத்திருந்த ஒன்றை நான் அழித்துவிட்டேன். அதை உனக்குத் தெரிவிப்பதே இம்மடலின் நோக்கம். பெயரையும் நோக்கத்தையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது என் அலுவலகப் பழக்கம். நீ இருந்திருந்தால் இந்த இடத்திலேயே சிரித்திருப்பாய். சிரித்துக்கொள்.

இன்று சனிக்கிழமை. காலை ஏழரை மணிக்குத் தின்னர் புட்டியின் மூடியைத் திறந்தேன். அந்த வாசனை உணவு மேசையைச் சுற்றிப் பரவியதும் பெசன்ட் நகரில் உன் வீட்டு மூன்றாம் மாடி பால்கனி கண்முன் வந்து நின்றது. அங்கே தின்னர் வாசனை தனியாக வந்ததே இல்லை. ஊரூர்க் குப்பத்துப் பக்கமிருந்து காயும் மீனின் வாசனையும், சமையலறையில் உன் மனைவி ரீட்டா வதக்கும் வெங்காயத்தின் வாசனையும் கூடவே வரும். இங்கே மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிப்போட்டு எத்தனையோ காலமாகிறது. சன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறேன். ஈர வண்ணத்தின் மேல் தூசி அமர்ந்தால் மணல்தாளால் தேய்த்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று முறை அப்படித் தொடங்கினேன். நான்காம் முறை குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றித் தூசியை அடக்கிவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்து அடித்தேன். என் மனைவி வெளியிலிருந்து இரண்டு முறை கதவைத் தட்டி, உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டாள். இருக்கிறேன் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்லத் தெம்பில்லை.

நாம் சந்தித்தது தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில், மாதிரி கட்டும் சாமான்கள் விற்கும் ஒரு மாடிக் கடையில். அலமாரியில் கடைசியாக இருந்த ஒரே அலுமினிய வண்ணப் புட்டிக்கு இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். அதை நான் முன்தினமே தொலைபேசியில் சொல்லி எடுத்துவைக்கச் செய்திருந்தேன். அந்த விவரத்தை உன்னிடம் முறைப்படி எடுத்துரைத்தேன். நீ தலையாட்டிக் கேட்டாய். பிறகு, "போன்ல சொல்லி வச்சீங்களா, அப்ப உங்களுதுதான் சார். பாதி எனக்கு ஊத்திக் குடுங்க" என்றாய். பையிலிருந்து ஒரு காலி மைப்புட்டியையும் எடுத்தாய். யாரும் கேட்காத ஒன்றை அத்தனை இயல்பாகக் கேட்டதால் நான் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் சார் போய்க் கதிரு வந்தது. மாதம் திரும்புவதற்குள் மச்சி வந்தது. நான் உன்னை நீ என்று அழைப்பதற்கு மட்டும் ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

பதினான்கு ஆண்டுகளின் சனிக்கிழமைகள். நான் குறிப்பேட்டோடு உட்காருவேன்: வண்ணம் எத்தனை பங்கு, தின்னர் எத்தனை பங்கு, காயும் நேரம், காற்றின் ஈரப்பதம். ஈரம் அளக்க ஒரு கருவியே வாங்கி உன் பால்கனிச் சுவரில் மாட்டினேன். நீ அதைப் பார்த்ததே கிடையாது. கரையேற்றிய படகுகளில் பறக்கும் கொடித்துணிகளைப் பார்ப்பாய். முற்பகலில் நிலத்திலிருந்து வீசும் காற்று நின்று கடற்காற்று புகும்போது, ஈர வண்ணத்தின் பளபளப்பு பால் பூத்தாற்போல் மங்கிவிடும். என் கருவி சொல்வதற்கு முன்பே, "காத்து திரும்பிடுச்சு மச்சி, மூடு" என்பாய். பெரும்பாலும் நீ சொன்னதே சரியாக இருக்கும். எப்போதும் அல்ல. இரண்டு முறை தவறியது என் குறிப்பேட்டில் இருக்கிறது.

பள்ளியில் இயற்பியல் கற்பித்த உனக்குக் கரும்பலகையில் பழகிய கை. அந்தக் கை சும்மா இருக்காது. மாதிரிப் பேருந்தின் ஊர்ப்பெயரையும், லாரியின் எண் பலகையையும், விமானத்தின் பதிவெழுத்துகளையும் ஒற்றை மயிர்த் தூரிகையால் நீயே எழுதுவாய். அதை நான் குறை என்றே கருதினேன். எழுத்துகளுக்கென்று டெக்கால் என்னும் அச்சிட்ட படலத்தாள் இருக்கிறது. உன் தந்தை ஒருநாள் பால்கனிக்கு வந்து, அது என்ன ஸ்டிக்கரா என்று கேட்டபோது நீ சொன்னாய்: "இல்லப்பா. தண்ணில ஊறப் போட்டா தாள் மட்டும் நின்னுடும், எழுத்து வழுக்கிக்கினு வரும். அத அப்படியே எறக்கணும்." அதைக் காட்டிலும் தெளிவான விளக்கத்தை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. மருத்துவக் கருவிகளின் கையேடுகளைச் சரிபார்ப்பதே பெருங்குடியில் எனக்கு வேலை என்பதால் இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

அடையாறில் மாதிரி கட்டும் நம் குழு ஆண்டுதோறும் நடத்தும் காட்சிக்கும் போட்டிக்கும் விதிகளை எழுதியவன் நான். நான்கு பக்கம், பத்தொன்பது விதிகள். பதினோராவது: எழுத்துகளும் குறிகளும் டெக்காலாகவே இருத்தல் வேண்டும், மாதிரியின் மேல் தூரிகையால் நேரடியாக எழுதுதல் கூடாது. நடுவர்களுக்குள் தகராறு வராமல் இருக்கவே அதை எழுதினேன். அந்த ஆண்டு நீ ஒரு சிறிய பயணிகள் விமானத்தைக் கொண்டுவந்தாய். அதன் எழுத்துகள் முழுவதும் உன் கை. வந்தவர்கள் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றியே நின்றார்கள். நான் தாளில் விதி எண்ணைக் குறித்து, போட்டியிலிருந்து அதை விலக்கினேன்.

நீ கோபப்படவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, "மச்சி, நான் மேல போனாலும் அங்க கேட்ல நீதான் ரூல் புக்க வச்சிக்கினு நிப்ப. உள்ள வுடுவியா, மாட்டியா?" என்று கேட்டாய். பதினொன்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அரங்கமே சிரித்தது. நீயும் சிரித்தாய். திரும்பும் வழியில் உன் ஸ்கூட்டரை நிறுத்தித் தேநீர் வாங்கிக் கொடுத்தாய். சனிக்கிழமைகள் முன்போலவே நடந்தன. ஆனால் அதன்பின் நீ எதையும் காட்சிக்குக் கொண்டுவரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் காரணம் கேட்கவில்லை. விதியைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பிற்பகலில் ரீட்டா தொலைபேசியில் அழைத்தாள். நீ பள்ளி மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பெருங்குடியிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் மாதா கோவிலில், எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பிந்தினேன்.

ஒரு மாதம் கழித்து ரீட்டா ஓர் அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தாள். உள்ளே டகோட்டா விமானம், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில். உடலும் இறக்கைகளும் ஒட்டி, அடிவண்ணம் பூசி, வாலருகே உன் பென்சில் குறிகளோடு நின்றுபோயிருந்தது. உன் தந்தை இளைஞராக மீனம்பாக்கத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது அவர் கைக்கு முதலில் வந்த விமானம் அது என்பதும், அவருடைய எண்பத்தைந்தாம் பிறந்தநாளுக்கு நீ அதைக் கட்டத் தொடங்கினாய் என்பதும் எனக்குத் தெரியும். "மாமா தெனமும் கேக்கறாரு அண்ணா. நீங்க முடிச்சுக் குடுங்க. வேற யாரு கையிலயும் குடுக்க எனக்கு மனசில்ல" என்றாள்.

ஏழு மாதங்கள் எடுத்துக்கொண்டேன். முன்பெல்லாம் ஒரு டகோட்டாவுக்கு எனக்கு இரண்டு மாதம் போதும். இப்போது பெருங்குடியிலிருந்து வீடு வந்து சேரவே பாதி உயிர் போய்விடுகிறது. கண்ணாடிக்கு மேல் ஓர் உருப்பெருக்கியும் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் வரிசை தவறவில்லை. பளபளக்கும் கறுப்பு, அதன்மேல் அலுமினியம், மேற்பாதிக்கு வெள்ளை, சன்னல் வரிசைக்கு நீலப் பட்டை. ஒவ்வொன்றையும் இரண்டு நாள் காயவிட்டேன். பட்டையின் ஓரம் கசியவில்லை. நீ பார்த்திருந்தால் குறை சொல்ல எதையாவது தேடியிருப்பாய்.

மிஞ்சியது டெக்கால் தாள். அது மிகப் பழையது, பழுப்பேறியது. நீ எங்கோ எழுதிப்போட்டு வரவழைத்த ஒரே ஒரு தாள். பழுப்புப் போக அதைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி மூன்று வாரம் வெயில் காட்டினேன். பழைய தாள் நீரில் இட்டதும் நொறுங்கக்கூடும். ஆகவே தேவையற்ற ஒரு துண்டை முதலில் வெட்டிச் சோதிக்க வேண்டும் என்பது விதி. இதையும் நான்தான் எழுதினேன்.

வரைபடங்களோடு தாளை ஒப்பிட்டேன். பதிவெழுத்துகள், கதவுக் குறிகள், கொடி என்று எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. தாளின் வெற்று ஓரத்தில், அச்சில் வராமல், சிவப்பு வண்ணத்தில், அரிசியளவு நீளத்தில் ஏதோ தூரிகையால் எழுதியிருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தேன். கிழவி என்று இருந்தது. உன் கையெழுத்து என்பது தெரிந்தது. என் குறிப்பேட்டின் ஓரங்களில் நீ கிறுக்கிவைக்கும் கேலிகளில் இதுவும் ஒன்று என்று நினைத்தேன். எந்த வரைபடத்திலும் இல்லாதது, தேவையற்றது. அதை வெட்டி வெந்நீர்த் தட்டில் இட்டேன். இருபது வினாடிகளில் பிரிந்தது, துண்டு துண்டாக.

மேல்பூச்சு இன்றித் தாள் தாங்காது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். மற்றவற்றுக்கெல்லாம் வார்னிஷ் பூசிக் காயவிட்டு ஒட்டினேன். ஒன்றுகூட நொறுங்கவில்லை. குறிப்பேட்டில் "சோதனைத் துண்டு சிதைந்தது" என்று ஒரு வரி எழுதி, நிறைவோடு மூடிவைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று மகிழ்ச்சியாகவே இருந்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பாக, உன் தந்தையிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துப்போனேன். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் தூக்கிப் பிடித்தேன். அவருக்கு இப்போது பார்வை நிழலாகத்தான் தெரிகிறது. விரல்களால் பார்த்தார். விசிறிகளைத் தொட்டார். இடப்பக்கம் பின்னால் கதவு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிரம்பு நாற்காலியின் முனையில் நான் தேர்வு எழுதியவனைப்போல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவருடைய ஆட்காட்டி விரல் கதவைத் தாண்டிப் போய், வால்சக்கரத்துக்கு மேல் நின்றது. அங்கேயே வட்டமிட்டது.

"கெயவி எங்கப்பா?" என்றார்.

அவரால் என் முகத்தைப் பார்க்க முடியாதது நல்லதாயிற்று. அவரே சொல்லிக்கொண்டு போனார். அந்த விமானத்தின் எஞ்சின் கிளம்புவதற்கு முன் நான்கு தடவையாவது இருமுமாம். அதனால் மெக்கானிக்குகள் வைத்த பெயர் அது. எழுதியவர் இவர்தான். "சேப்பு பெயின்ட்ல நான்தான் எழுதினேன். ஆபீசருங்கோ யாரும் வால்கிட்ட குனிஞ்சு பாக்கமாட்டாங்கோ. கடேசி வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். அப்படியே உன் சிரிப்பு. பிறகு, "பையன் எழுதி ரெடியா வச்சிக்கீறேன்னு சொன்னானே. இன்னும் ஒட்டலியா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒட்டலங்க. ஒட்டணும்" என்றேன்.

"ஒட்டிக் கொண்டாப்பா. அது இல்லன்னா இது வேற ஏதோ ப்ளேனு."

ஐம்பது வயதில், எண்பத்தைந்தை எட்டும் ஒருவரிடம், அவருடைய மகனைப் பற்றிப் பொய் சொன்னேன். அதற்கு முன் எப்போது பொய் சொன்னேன் என்று ஆட்டோவில் யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. ஆனால் அதுகூடப் பெரிதல்ல. கிளம்பும்போது ரீட்டா வாசல்வரை வந்து சொன்னதுதான் இந்த ஒரு வாரமாக என்னை உறங்கவும் விடவில்லை, விழித்திருக்கவும் விடவில்லை.

நீ அந்த மூன்று எழுத்தை எட்டுத் தடவை எழுதினாயாம். ஏழை அழித்துவிட்டு எட்டாவதை வைத்துக்கொண்டாயாம். நேராக விமானத்தின் மேலேயே எழுதிவிட்டால் என்ன, எதற்கு இந்தச் சின்னத் தாளில் குனிந்து கண்ணைக் கெடுத்துக்கொள்வது என்று அவள் கேட்டிருக்கிறாள். நீ சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "'டெக்கால்ல இருந்தாத்தான் கதிருக்கு அது எழுத்து. இந்தத் தபா அடையாறு காட்சியில வைக்கப்போறேன், அவன் என்னா சொல்றான்னு பாக்கலாம்'னாரு அண்ணா."

நான் படியிறங்கினேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஆக, நீ என் விதிக்கு உடன்பட்டிருக்கிறாய். நாற்காலி போட்டுக்கொடுத்த அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, உன் கையெழுத்தை விடாமலும் என் பதினொன்றை மீறாமலும் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாய். எழுத்து உன் கை, படலம் டெக்கால். நான் அந்தப் போட்டித்தாளில் கையெழுத்திட்டு அதை ஏற்றிருப்பேன். ஏற்காமல் இருக்க எனக்கு ஒரு வரிகூட இல்லை. அப்படிப்பட்டதை, விதிப்படி, தேவையற்றது என்று வெந்நீரில் போட்டவனும் நானே.

அலுவலகத்தில் ஒரு சோதனை மாதிரியை அழித்துவிட்டால், எதை அழித்தோம் என்பதை முழுமையாகப் பதிய வேண்டும். நேற்று குறிப்பேட்டை எடுத்து அந்த வரியைத் திருத்தினேன். சோதனைத் துண்டு என்பதை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். அப்படிச் செய்தால் ஏதேனும் இலேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஒன்று மிஞ்சியிருக்கிறது. தட்டைக் கழுவ எடுத்தபோது விளிம்பில் சிவப்பாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருப்பதைப் பார்த்தேன். மூன்றில் நடு எழுத்து. ழ. கால் சற்றே இடப்பக்கம் சாய்ந்து, அடியில் நீ எப்போதும் இடும் அந்தச் சிறு சுழிப்போடு. சுரண்டி எடுக்க முயன்றால் பொடியாகிவிடும். தட்டை அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறேன். உயரத்தை அளந்தேன், சாய்வையும் அளந்தேன். அளவுகளை வைத்துக்கொண்டு இந்த வாரம் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் எழுதிப் பழகினேன். முப்பத்தொரு தடவை. ஒன்றுகூட உன்னுடையதைப்போல் இல்லை. எல்லாம் படிவத்தில் பூர்த்தி செய்ததுபோல் நிமிர்ந்து நிற்கின்றன. சாய்த்து எழுத முயன்றால் கோடு கோணிப்போகிறது. களைப்பா, வயதா, வேறேதாவதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

படலத்தில் எழுதி ஒட்டலாமா என்று யோசித்தேன். அப்படிச் செய்தால் விதிக்குப் பொருந்தும். உன் தந்தையின் விரலுக்கு வேறுபாடு தெரியாது. நீ எழுதியதாகவே அவர் எடுத்துக்கொள்வார். அதனாலேயே அப்படிச் செய்யப்போவதில்லை.

பதினோராவது விதியையும் நீக்கப்போவதில்லை. அது தேவையான விதி. காட்சி வரும்போது, உன் தந்தை சம்மதித்தால், இந்த டகோட்டாவை அவரிடமிருந்து ஒருநாள் வாங்கிவந்து உன் பெயரில் மேசையில் வைப்பேன். விதி பதினொன்று மீறப்பட்டது, மீறியவன் கதிரேசன் என்று நடுவர் தாளில் நானே எழுதிக் கையெழுத்திடுவேன். பிறகு கடைசி வரிசையில் போய் உட்காருவேன்.

நாளை காலை பூசை முடிந்து அவர் வீடு திரும்பியதும் விமானத்தோடு போவேன். அதை அவர் கையில் கொடுப்பதற்கு முன், உன் எழுத்தை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்வேன். அங்கே இருப்பது கோணலான என் எழுத்து என்பதையும் சொல்வேன். அது கெயவியா, வேறு ஏதோ விமானமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

மணி பத்தே கால். இங்கிருந்து படகுகள் தெரியாது. எதிர்வீட்டு மாடியில் காயும் வேட்டி இன்னும் கடல் பக்கமாகத்தான் பறக்கிறது. காற்று திரும்பவில்லை. சிவப்பு வண்ணத்தைக் கலக்கி வைத்திருக்கிறேன். தட்டு இடப்பக்கம் இருக்கிறது. பேனாவை மூடிவைத்துவிட்டு, வால்சக்கரத்துக்கு மேல், நேரடியாக, இப்போது எழுதுகிறேன்.